ஷிப்ட் கைக்கு வந்த பிறகு என்ன படிப்பது?

இரண்டு மாதம் முன்பு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஷிப்ட்டு குடுத்துட்டாங்க. ஒண்ணாந்தேதியில இருந்து பதினாலு பேரு எங்கிட்டங்க." குரலில் பாதி சந்தோஷம், பாதி பயம். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோவை அரசூர்ப் பக்கம் ஒரு மெஷின் ஷாப்பில் ஐந்து வருடமாக இருக்கிறான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. லேத்தில் செட்டிங் போடுவதில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் ஷிப்ட் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மெஷினைச் செட் செய்வது வேறு, பதினாலு பேரை வைத்து வேலையை முடிப்பது வேறு என்பது அவனுக்கே புரிந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் போன்.

அவன் கணக்கு இது: வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று, சேமிப்பில் அறுபதாயிரம் ரூபாய். இதை எதில் போட்டால் ஒரு நல்ல சூப்பர்வைசராக, பிறகு ஒரு நல்ல மேனேஜராக வளரலாம்? மூன்று வழிகளை விசாரித்து வைத்திருந்தான். ஒன்று தொலைநிலை எம்.பி.ஏ. இரண்டு டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுச் சங்கம். மூன்று சூப்பர்வைசர்களுக்கான குறும்பயிற்சி வகுப்பு. நான் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். எங்கும் போகாமல், இருக்கிற ஷாப்பிலேயே ஒரு குவாலிட்டி சர்க்கிள், அதாவது வேலை செய்கிறவர்களே கூடித் தங்கள் பிரச்சினையைத் தீர்க்கும் சின்னக் குழு, தொடங்கி, கூடவே ஒரு மூத்தவரின் கண் தன் மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

இருபத்திரண்டு வருடமாக ஷாப் ஃப்ளோரில் இருக்கிறேன். இந்த நான்கிலும் நானே இறங்கிப் பார்த்திருக்கிறேன், எம்.பி.ஏ. உட்பட. அதனால் அவனுக்குச் சொன்னதை, இதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று விரிவாக எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது?

முதலில் என் கதை ஒன்று. நான் ஷிப்ட் எடுத்த முதல் வருடம். ஒரு நாள் காலை பதினோரு பீஸில் போர், அதாவது உள்ளே குடையும் துளை, ஓவர்சைஸ். ஷிப்ட் மாறுகிற நேரம், இரண்டு ஷிப்ட் ஆட்களும் நிற்கிறார்கள். ஆபரேட்டரை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, ஆஃப்செட்டை, அதாவது மெஷினில் போட்டிருந்த டூல் அளவுத் திருத்தத்தை, மாற்றியது முந்தைய ஷிப்டில் ஒருவர். சரி, போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பல மாதம் என்னிடம் யாரும் எதையும் தானாக வந்து சொல்லவில்லை. ஷாப் அமைதியாக இருந்தது. நான் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மெஷினில் ஸ்பிண்டில் சத்தம் மாறியிருக்கிறது. மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் சொல்லவில்லை. மெஷின் நான்கு நாள் நின்றது. ரிட்டயர் ஆகிற வயதில் இருந்த ஒரு பிட்டர், டீக்கடையில் வைத்துச் சொன்னார்: "தம்பி, அன்னைக்கு அவனைத் திட்டுனீங்கல்ல, அன்னையில இருந்து இவங்க யாரும் உங்ககிட்ட வாயே தொறக்கறதில்லைங்க." திட்டியதற்கும் இதைக் கேட்டதற்கும் நடுவே எட்டு மாதம்.

ஒரு பீஸின் டயா (விட்டம்) பத்து இருபது மைக்ரான் தப்பிப் போனால் மைக்ரோமீட்டர் அந்த நிமிஷமே சொல்லிவிடும். மனிதர்களிடம் நாம் செய்கிற தப்புக்கு அப்படி ஒரு கேஜ் இல்லை. அவர்கள் லீவு போடுவார்கள், வாயை மூடிக்கொள்வார்கள், கடைசியில் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஆபரேட்டராக இருந்தபோது "டேய், தப்பு பண்ற" என்று சொன்ன அதே நண்பன், நாம் சூப்பர்வைசர் ஆன மறுநாள் சொல்ல மாட்டான். பதவி ஏற ஏற நம் தப்பு நம் காதுக்கு வந்து சேர ஆகும் நாள் கூடிக்கொண்டே போகிறது. ஷிப்டை ஏற்றுக்கொண்டவரின் மிகப் பெரிய கஷ்டம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதனால் நான்கு வழிகளையும் ஒரே கேள்வியால்தான் அளந்தேன். இந்த வழியில் போனால், நான் செய்கிற தப்பு எத்தனை நாளில் என் காதுக்கு வரும்?

எம்.பி.ஏ.

தொலைநிலையில் படிப்பதென்றால் பலரும் முதலில் பார்ப்பது இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அங்கே எம்.பி.ஏ.வைக் குறைந்தது இரண்டு வருடத்தில், அதிகபட்சம் நான்கு வருடத்தில் முடிக்கலாம். ஜனவரி, ஜூலை என வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். பட்டப்படிப்பு இருந்தால்தான் சேர முடியும். டிப்ளமோவோடு ஷிப்ட் பார்க்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் முதலில் ஒரு பட்டம் முடித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வர முடியும். எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் அந்த வருடச் சேர்க்கைக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டவும். ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.

இதில் நேரக் கணக்குத்தான் பலரை ஏமாற்றுகிறது. இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்தால்கூட ஒரே பாடத்துக்கு இருபது ஞாயிறு போய்விடும். ஒரு செமஸ்டரில் இப்படிப் பல பாடங்கள். ஆகவே வார நாள் இரவுகளையும் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறுகிறவனுக்கு அந்த இரவுகள் அவனுடையவை அல்ல. நான் படித்தபோது இரண்டு வருடத்தில் முடிப்பதாகத் தொடங்கி, நான்காவது வருடத்தில்தான் முடித்தேன்.

படிப்பு பயனில்லை என்று சொல்ல வரவில்லை. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தது அங்கேதான். மெஷினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும் பாதி முடிந்த பீஸ்கள் ஒவ்வொன்றும் முதலாளி வட்டிக்கு வாங்கிய பணம் என்பது காஸ்டிங் (செலவுக் கணக்கு) படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை "ஸ்டாக் இருந்தா நல்லதுதானே" என்று நினைத்திருந்தேன். முதலாளியோடு, ஆடிட்டரோடு, வாடிக்கையாளரோடு பேச ஒரு பாஷை கிடைத்தது. இது பெரிய விஷயம்.

ஆனால் ஆட்களை நடத்துவது பற்றிய பாடத்தில், மனிதனுக்கு எது ஊக்கம் தருகிறது என்ற கோட்பாடுகளை மனப்பாடம் செய்து எழுதினேன். நல்ல மதிப்பெண். அந்தப் பேப்பரைத் திருத்தியவர் என் ஷிப்டைப் பார்த்ததில்லை. நான் அந்த வாரம் யாரிடம் எப்படிப் பேசினேன் என்று அவருக்குத் தெரியாது. என் கேள்வியால் அளந்தால், இங்கே தப்பு காதுக்கு வருவதே இல்லை. வருவது மதிப்பெண், அதுவும் மாதங்கள் கழித்து.

பெயருக்குப் பின்னால் வருகிற எழுத்துக்குக் குடும்பத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது. அக்காவுக்கு அதுதான் ஆசை. அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பல கம்பெனிகளில் மேனேஜர் பதவிக்கு விண்ணப்பத்தை வடிகட்டும்போதே பட்டம் கேட்கிறார்கள் என்பதும் உண்மை. எம்.பி.ஏ. ஒரு கதவைத் திறக்கும். உள்ளே போன பிறகு நடக்கக் கற்றுக்கொடுக்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் வேலையில் இருப்பவர்களுக்கான வார இறுதிப் படிப்புகள் உண்டு. 2011இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். சென்னையில் அப்படி நடத்துகிறது. செலவு லட்சங்களில். கூடப் படிக்கிறவர்களின் அனுபவம்தான் அங்கே உண்மையான பாடம். அறுபதாயிரத்தோடு நிற்கிறவனுக்கு இப்போது அது இல்லை.

பேச்சுச் சங்கம்

டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1924இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சாண்டா அனா ஊரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் தொடங்கியது. இன்று நம் ஊர்களிலும் இருக்கிறது. தமிழிலேயே கூட்டம் நடத்தும் சங்கங்களும் உண்டு. கட்டணம் ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேரும்போது ஒரு முறை 20 டாலர். சில சங்கங்களில் அறை வாடகைக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். விருந்தினராகப் போய்ப் பார்க்கக் காசு இல்லை.

கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் ஏன் இதை உயர்வாகச் சொல்கிறேன் என்பது புரியும். தயாரித்து வந்த பேச்சு ஐந்து முதல் ஏழு நிமிடம். ஐந்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. பிறகு அந்த இடத்திலேயே தலைப்புக் கொடுத்து ஒன்றிரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். ஒருவர் உட்கார்ந்து நாம் இழுக்கிற ஒவ்வொரு அசைச்சொல்லையும் எண்ணுவார். தமிழ்ச் சங்கத்தில் அவர் குறிப்பேட்டில் "வந்து", "அதாவது", "என்னன்னா" என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். பேசி முடித்த அன்றைக்கே, அதே கூட்டத்தில், இன்னொரு உறுப்பினர் எழுந்து மூன்று நிமிடத்துக்குள் நம் பேச்சை மதிப்பிடுவார். எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம், எப்படி மாற்றலாம்.

தப்பு காதுக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதுவும் மரியாதையோடு வரும்.

பேசக் கற்றுக்கொள்வதைவிட எனக்கு அங்கே பெரிதாகப் பட்டது அந்த மதிப்பிடும் வேலைதான். எதிரே ஒரு ஆள் கை நடுங்கப் பேசி முடித்து உட்கார்ந்திருக்கிறார். அவர் குறையைச் சொல்லியாக வேண்டும். அவர் அடுத்த வாரமும் வர வேண்டும். மூன்று நிமிடம்தான் இருக்கிறது. பொதுவாக "நல்லா இருந்துச்சு" என்றால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "ரெண்டாவது உதாரணம் சொல்லும்போது தரையைப் பார்த்துப் பேசினீங்க, அங்க எங்களுக்குத் தொடர்பு விட்டுப்போச்சு" என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த ஓவர்சைஸ் போர் நாளில் எனக்குத் தேவைப்பட்டது இந்த மூன்று நிமிடம்தான். இரண்டு வருடம் உறுப்பினராக இருந்தேன். என் ஷாப்பில் ஆட்களிடம் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

இன்னொன்று. ஒவ்வொரு சங்கத்துக்கும் தலைவர், கல்வித் துணைத்தலைவர் முதலிய ஏழு பொறுப்புகள் உண்டு. நான் ஒரு வருடம் கல்வித் துணைத்தலைவராக இருந்தேன். அடுத்த கூட்டத்தில் யார் பேசுவது, யார் மதிப்பிடுவது என்று ஆள் பிடிக்கிற வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது, யாருக்கும் மெமோ கொடுக்க முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதிகாரம் இல்லாமல் வேலை வாங்கப் பழக இதைவிட மலிவான இடம் எனக்குத் தெரியாது.

குறைகளும் சொல்ல வேண்டும். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் தாங்களாகவே வளர விரும்பி வருகிறவர்கள். உங்கள் இரவு ஷிப்டில் நிற்கிறவர் அப்படி அல்ல. அவருக்குத் தூக்கம், வீட்டுக் கடன், முதுகுவலி எல்லாம் இருக்கிறது. ஏசி அறையில் ஏழு நிமிடம் பேசுவதும், கம்ப்ரெஸர் சத்தத்துக்கு நடுவே மூன்று நிமிடத்தில் அன்றைய வேலையைப் பிரித்துச் சொல்வதும் வேறு வேறு திறமை. சிலர் போட்டி, கோப்பை என்று அந்தப் பக்கமே போய்விடுகிறார்கள். ஷிப்ட் மாறுகிறவர்கள் வார நாள் மாலைச் சங்கத்தில் சேரவே வேண்டாம், பாதிக் கூட்டத்துக்கு வர முடியாது. ஞாயிறு காலைச் சங்கம் இருந்தால் மட்டும் சேரலாம்.

குறும்பயிற்சி

நூற்பாலைக்காரர்களுக்கு 1956இல் தொடங்கிய கோவை சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. பொதுவாக எல்லாத் தொழிலுக்கும் 1958இல் அமைந்த தேசிய உற்பத்தித்திறன் குழு இருக்கிறது. ஊர் ஊருக்குத் தொழில் சங்கங்கள் நடத்தும் வகுப்புகளும் உண்டு. தரம் ஆளுக்கு ஆள், வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் இடத்தின் பெயரைவிட வகுப்பு நடக்கும் முறையைப் பார்ப்பது நல்லது. நல்ல முறை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் சமயம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவம் இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களை மேய்க்கத் திடீரென்று ஆயிரக்கணக்கில் சூப்பர்வைசர்கள் தேவைப்பட்டார்கள். அதற்காக 1940இல் தொடங்கி 1945 வரை 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்று ஒரு திட்டம் நடந்தது. பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டா வரை வேர்விட்டது. வேலை கற்றுக்கொடுப்பது, வேலை முறையைத் திருத்துவது, ஆட்களோடு உறவு என்று மூன்று வகுப்புகள். ஒவ்வொன்றும் பத்து மணி நேரம்தான். இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு. ஒரு குழுவில் பத்துப் பேர் அளவில்தான். ஒவ்வொருவரும் தன் ஷாப்பில் அப்போது இருக்கிற ஒரு உண்மையான பிரச்சினையைக் கொண்டுவர வேண்டும்.

உறவு பற்றிய வகுப்பில் நான்கு படிதான்: நடந்ததை முழுதாகத் திரட்டு, எடை போட்டு முடிவெடு, செய், செய்தது பலித்ததா என்று திரும்பப் பார். படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். என் பதினோரு பீஸ் விஷயத்தில் நான் முதல் படியையே தாண்டிக் குதித்திருந்தேன், நான்காவது படிக்குப் போகவே இல்லை. பிரச்சினை வராமல் இருக்க நான்கு அடிப்படைகளும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் அவர் வேலை எப்படிப் போகிறது என்று சொல். நன்றாகச் செய்தால் அப்போதே பாராட்டு. அவரைப் பாதிக்கிற மாற்றத்தை முன்கூட்டியே சொல். அவரவர் திறமைக்கு முழு வேலை கொடு. எண்பது வருடம் ஆகியும் இதில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

நான் இரண்டு விதமான வகுப்புக்கும் போயிருக்கிறேன். ஒன்று ஹோட்டலில் இரண்டு நாள், தொடர்ந்து படக்காட்சி, நல்ல சாப்பாடு, அழகான ஃபைல். திங்கட்கிழமை எதுவும் மாறவில்லை. இன்னொன்று வாரம் ஒரு மதியம் வீதம் ஐந்து வாரம். ஒவ்வொரு வாரமும் சொன்னதை ஷாப்பில் செய்துபார்த்துவிட்டு வந்து, என்ன ஆனது என்று மற்ற ஒன்பது பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதில் தப்பு ஒரு வாரத்தில் காதுக்கு வந்தது. பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் பிரச்சினையை நாங்கள் கொண்டுவர வேண்டுமா? அமர்வுகளுக்கு நடுவே இடைவெளி உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றால் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

வேலை கற்றுக்கொடுப்பது பற்றி ஒரு சின்ன விஷயம். கோவை ஷாப்புகளில் இன்று பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். நான் முப்பது நாற்பது ஹிந்தி வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். தட்டுத்தடுமாறித்தான் பேசுவேன். ஆனால் நான் தடுமாறுவதைப் பார்த்த பிறகுதான் அவர்களும் தைரியமாகத் தமிழில் தடுமாறத் தொடங்கினார்கள். அந்த நோட்டு எந்த வகுப்பிலும் கொடுத்தது அல்ல.

ஷாப்பிலேயே

குவாலிட்டி சர்க்கிள் ஜப்பானில் 1962இல் தொடங்கியது, தர நிபுணர் கௌரு இஷிகாவாவின் முயற்சி. இந்தியாவில் 1980இல் ஹைதராபாத் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையில் வந்தது. 1982இல் இதற்கென்று அகில இந்திய அமைப்பே தொடங்கினார்கள். சென்னை பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல், தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவிலேயே முதல் கம்பெனி. அப்படி ஒரு உயரத்துக்குக் கீழே, ஷாப்பில் வேலை செய்கிறவர்களே உட்கார்ந்து சிந்திக்கும் இந்த மாதிரிச் சின்னக் குழுக்கள் பல வருடம் வேலை செய்திருக்க வேண்டும்.

விதி எளிது. ஒரே இடத்தில் வேலை செய்கிற ஆறு முதல் பத்துப் பேர், விருப்பப்பட்டுச் சேர வேண்டும், வாரம் ஒரு மணி நேரம். தங்கள் வேலையில் இருக்கிற ஒரு பிரச்சினையைத் தாங்களே எடுத்து, எண்ணி, காரணம் தேடி, தீர்வு செய்துபார்த்து, நிர்வாகத்திடம் காட்ட வேண்டும்.

எங்கள் முதல் சர்க்கிளில் எடுத்தது பீஸில் விழும் அடிபட்ட தழும்பு. ஆபரேட்டர்கள் அஜாக்கிரதையாகத் தூக்கிப் போடுகிறார்கள் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். வாய்வரை வந்தது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன். இரண்டு வாரம் ஒவ்வொரு நிலையிலும் எண்ணினோம். மெஷினிலிருந்து எடுக்கும்போது விழுந்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி விழுந்தது, பீஸ்களை டிரேயில் அடுக்கி இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில். தரையில் ஒரு இடத்தில் சிமெண்ட் பெயர்ந்திருந்தது. டிராலி அங்கே குதிக்கும், பீஸும் பீஸும் இடிக்கும். இதைச் சொன்னது டிராலி தள்ளுகிற ஹெல்பர். அதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. தரையைப் பூசினோம், டிரேயில் ரப்பர் தடுப்பு வைத்தோம்.

என் தப்பு, அதாவது ஆபரேட்டர்கள்தான் காரணம் என்ற என் தீர்மானம், இரண்டு வாரத்தில் எண்ணிக்கையாக என் எதிரில் வந்து நின்றது. அதைச் சொன்னவர் என்னை எதிர்த்துப் பேசியதாக யாருக்கும் தோன்றவில்லை. போர்டில் இருந்தது வெறும் கணக்கு. வாயைத் திறக்கப் பயப்படுகிற ஆட்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

சர்க்கிள் செத்துப்போகிற விதமும் எனக்குத் தெரியும். சூப்பர்வைசரே மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டால் அது இன்னொரு மீட்டிங் ஆகிவிடும். சொன்ன தீர்வை நிர்வாகம் ஒரு மாதத்துக்குள் தொடவில்லை என்றால் இரண்டாவது முறை யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதை முதல் நாளே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

மூத்தவர் விஷயத்தில், நம் நேர் மேலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இன்க்ரிமெண்ட் போடுகிறவரிடம் நம் குறையைக் காட்ட மனம் வராது. வேறு டிபார்ட்மெண்டில், நம்மிடமிருந்து எதுவும் தேவைப்படாத ஒருவர் நல்லது. "எனக்கு அட்வைஸ் சொல்லுங்க" என்று கேட்டால் பொதுவாக ஏதாவது சொல்வார். "நாளைக்கு ரெண்டே கால் மணிக்கு என் ஷிப்ட் மாத்தற எடத்துல பத்து நிமிஷம் நில்லுங்க, நான் செய்யறதுல ஒரு தப்பு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால் உண்மை வரும். எனக்கு அந்தப் பிட்டர் இருந்தார். எட்டு மாதம் கழித்து அவராகச் சொன்னார். நான் முதல் வாரமே கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்.

இணைய வீடியோ வகுப்புகளைப் பற்றியும் அவன் கேட்டான். பார்க்கலாம், தெரிந்துகொள்ளலாம். வீடியோ நம்மைப் பார்ப்பதில்லை.

தலைமைப் பயிற்சி என்றாலே சிலர் 70-20-10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: எழுபது பங்கு வேலையில், இருபது பிறரிடமிருந்து, பத்து வகுப்பில். அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் ஆராய்ச்சியாளர்கள் 1980களில் உயர் அதிகாரிகளிடம், உங்களை மாற்றியது எது என்று நினைவிலிருந்து கேட்டதில் பிறந்தது அது. பெரிய அதிகாரிகளின் நினைவில் இருந்து வந்த எண், ஷிப்ட் எடுத்து மூன்று வாரமான ஒருவனுக்கு அளவுகோல் ஆகாது. தவிர, வேலையில் இருந்தாலே கற்றுக்கொண்டுவிடலாம் என்றால் நான் அந்த எட்டு மாதத்தில் நிறையக் கற்றிருக்க வேண்டும்.

அவனுக்கு நான் சொன்னது

முதல் மூன்று மாதம் எதற்கும் பணம் கட்டாதே. மூத்தவர் ஒருவரைப் பிடி. தினமும் ஷிப்ட் முடியும்போது ஒருவரிடம், பதினாலு பேரில் சுற்று முறையில் ஒருவரிடம், "இன்னைக்கு உங்க வேலையை நான் எங்க கஷ்டமாக்கினேன்?" என்று கேள். முதல் சுற்றில் எல்லாரும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். இரண்டாவது சுற்றில் ஒருவராவது சொல்வார். சொன்னதை நோட்டில் எழுது. அதே நேரம் ஞாயிறு காலைப் பேச்சுச் சங்கத்துக்கு இரண்டு மூன்று முறை விருந்தினராகப் போய்ப் பார். பிடித்தால் நான்காவது மாதம் சேர். ஆட்கள் உன்னிடம் பேசத் தொடங்கிய பிறகு சர்க்கிள் தொடங்கு. அதற்கு முன் தொடங்கினால் யாரும் விருப்பத்தோடு வர மாட்டார்கள். ஆறாவது மாதம் போல இடைவெளி விட்டு நடக்கும் குறும்பயிற்சி கிடைத்தால் கம்பெனியையே கட்டணம் கட்டச் சொல்லிக் கேள். பெரும்பாலும் கட்டுவார்கள். எம்.பி.ஏ. ஒரு வருடம் கழித்து வருகிற ஜூலைச் சேர்க்கைக்கு. அதுவரை மீதிப் பணம் வங்கியில் இருக்கட்டும்.

எல்லாருக்கும் இதே வரிசையைச் சொல்ல மாட்டேன். நாற்பதை நெருங்கி, ஆட்களை நன்றாக நடத்தத் தெரிந்து, முதலாளி அறையில் பணக் கணக்குப் பேசும்போது மட்டும் திணறுகிறவர் எம்.பி.ஏ.வை முதலில் எடுக்கலாம். இந்தத் தேதிக்குள் பட்டம் இருந்தால்தான் பதவி என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருந்தாலும் அப்படித்தான். திருப்பூரில் தையல் லைனில் இருந்து சூப்பர்வைசர் ஆகிற பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வீட்டு வேலை குவிந்த நாள். அவர்களை மாலைச் சங்கத்துக்கும் வார இறுதி வகுப்புக்கும் போகச் சொல்வது நியாயமில்லை. வேலை நேரத்துக்குள், ஆலைக்குள்ளேயே நடக்கும் பத்து மணி நேர வகுப்பும் சர்க்கிளும்தான் அவர்களுக்கு முதல் தேர்வாக இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தருவது அவர்களுக்கு மேலே இருக்கிறவரின் கடமை.

"மாமா, இதுல முதல் ஆறு மாசத்துக்கு ஒரு சர்டிபிகேட்டும் வராதுங்களே" என்றான். வராது என்றேன். அக்காவிடம் நானே பேசினேன். ஒரு வருடம் தள்ளிப்போவதில் அவருக்கு வருத்தம்தான், ஆனால் சரி என்றார்.

போன ஞாயிறு அவன் இரண்டாவது முறையாகச் சங்கத்துக்குப் போயிருக்கிறான். திடீர்த் தலைப்பில் நாற்பது விநாடி பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். பதினோரு "வந்து" என்று எண்ணிச் சொன்னார்களாம். அன்றிரவே போன் செய்து சொன்னான். அவன் நோட்டில் முதல் சுற்று முழுக்கக் காலிதான். இரண்டாவது சுற்றில் நான்காவது ஆள் சொல்லியிருக்கிறார்: ஷிப்ட் தொடங்கிய பிறகுதான் டூல் லிஸ்ட் கையில் வருகிறது, ஸ்டோருக்கு நடந்தே அரை மணி நேரம் போகிறது. திங்கட்கிழமையிலிருந்து லிஸ்டை முந்தைய ஷிப்ட் முடிவதற்குள் ஸ்டோருக்கு அனுப்பிவிடுகிறானாம்.